ஈ.சி. நைனா

வடசென்னையில் முதல்முறையாக வீடு வாங்குகிறவன் யாரிடமும் யோசனை கேட்பதில்லை என்று சொல்வது அபாண்டம். கேட்கிறான். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கேட்கிறான்.

அவனுக்காகவே ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை பேட்டைக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். தண்டையார்பேட்டையில் அவர் ரிடையரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எர்ணாவூரில், 2017-ல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்தவர். காலடிப்பேட்டையில் ஹார்பர் டாலி கிளார்க். மூவரும் ஒரே அச்சு என்பதால் காலடிப்பேட்டைக்காரரைச் சொன்னால் போதும்.

பெற்றோர் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது. தெருவுக்கு அவர் ஈ.சி. நைனா. பேச்சு அரசியலில் தொடங்கினாலும் ஆடி வெள்ளியில் தொடங்கினாலும் பத்தாவது நிமிஷம் வில்லங்கச் சான்றில், அதாவது ஈ.சி.யில், வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தபோது, "பையனுக்கு முப்பது வருஷ ஈ.சி. போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாராம். பையனுக்கு வயது இருபத்தெட்டு.

ஹார்பரில் அவர் பார்த்த வேலை இந்தப் புத்திக்கு உரம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையைக் கையால் எண்ணி, வந்த கணக்கோடு ஒத்துப் பார்த்துச் சிவப்பு மையில் டிக் போட வேண்டும். குறைந்தால் ஷார்ட் லேண்டட், கூடினால் எக்ஸஸ் லேண்டட். மூட்டையை எண்ணி முடிக்கும்வரை காகிதத்தில் இருப்பது வெறும் வதந்தி என்பது அங்கே பாலபாடம். ரிடையரானதும் மூட்டை போய்விட்டது, சிவப்புப் பால்பாயிண்ட் மட்டும் சட்டைப் பையில் தங்கிவிட்டது. கூடவே ஒரு மஞ்சப்பை: உள்ளே ஸ்டீல் டேப், பூதக்கண்ணாடி, லேமினேட் செய்த தன் வீட்டு ஈ.சி. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்காமலே காட்டுவார்.

வகுப்பு நடப்பது அவர் வீட்டு வாசலில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே. எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"இன்னா தம்பி, டோக்கன் குட்த்துட்டியா?"

"இல்ல நைனா... சும்மா ஒரு அம்பதாயிரம்..."

"அம்பதாயிரம் சும்மாவா?"

"வேற பார்ட்டி ரெடியா இருக்காங்களாம். இன்னிக்கே வுட்டா போய்டும்னாரு."

இந்த வேற பார்ட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். திருவொற்றியூர் ஹைரோட்டின் இரு பக்கமும் விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டையும் வாங்கத் துடித்துக்கொண்டு, கையில் முழுப் பணத்தோடு, பக்கத்துத் தெருவில் அவர் காத்திருக்கிறார். இதுவரை யாரும் அவரைக் கண்ணால் கண்டதில்லை. "சாவறதுக்குள்ள அந்த ஆள ஒரு தபா பாத்துடணும்டா. எம்மாம் வீடு வச்சிருப்பான்!" என்பார் நைனா.

பிறகு ரசீதை வாங்கிப் பார்ப்பார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். 'வீட்டு விஷயமாக ரூ.50,000 பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். எந்த வீடு, கதவு எண் என்ன, திருப்பித் தருவதென்றால் எப்போது, ஒன்றும் இருக்காது. கையெழுத்து மட்டும் ரிசர்வ் வங்கி கவர்னருடையதுபோல் இருக்கும். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதானால் விற்பனை ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்யவேண்டும் என்கிறது என்று நைனா ஆரம்பிப்பார். வந்த பையன் தலையாட்டுவான். அவன் கண் செல்போனில் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு எந்த மண்டபம் என்று வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வாட்ஸாப் விவாதத்தில் இருக்கும்.

இந்த உறவின் அடிப்படைச் சிக்கலே இதுதான். நைனா அதை வகுப்பு என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். வருகிறவன் அதை ஆசீர்வாதம் என்று நினைத்து வருகிறான். அவன் முடிவெடுத்தாயிற்று. மாமியார் பார்த்துவிட்டார், வாஸ்துக்காரர் பார்த்துவிட்டார், ஈசான மூலையில் பாத்ரூம் இல்லை. பெரியவர் ஒருவர் 'நல்ல வீடு' என்று சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் இருக்கும் சின்ன உறுத்தல் அடங்கிவிடும். அந்த ஒரு சொல்லை வாங்க வந்தவனிடம் நைனா தாய்ப்பத்திரம் கேட்கிறார்.

எட்டு என்கிற எண் நைனாவுக்குப் பிடிக்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டுக்கு மேற்படாத வீடு என்றால் அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பழைய ஓட்டு வீட்டை இடித்து, கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே நாலைந்து வீடு என்று எழும்புகிற கட்டடங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான். "நம்ம பேட்டை பில்டருங்க எல்லாம் எட்டாம் வாய்ப்பாட்டோட படிப்ப நிறுத்தினவங்க" என்பார். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் போகிறவனுக்குக் குடை இல்லை என்று தெரிந்து போகவேண்டும் அல்லவா? பெரிய அடுக்குமாடி வாங்குகிறவனுக்கு அரசு இணையதளத்தில் பதிவு எண் இருக்கிறது, வாங்குகிறவர்கள் கட்டுகிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாயம் இருக்கிறது, ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் கோளாறு வந்தால் பில்டர் செலவில் சரிசெய்யும் பொறுப்பு இருக்கிறது. ஆறு வீட்டில் ஒரு வீடு வாங்குகிறவனுக்கு நைனாதான் இருக்கிறார்.

அவருடைய டாலி கிளார்க் மூளை முழு வேகத்தில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் யு.டி.எஸ். கணக்கு போடும்போது பார்க்க வேண்டும். பிரிபடாத பாகம். அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவனுக்கு மண்ணில் கிடைக்கிற பங்கு. அவனவன் தன் பத்திரத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோவான். நைனா அப்படி விடுவதில்லை. அந்தச் சர்வே எண்ணுக்கு ஈ.சி. எடுத்து, அதே கட்டடத்தில் விற்ற மற்ற வீடுகளின் பாகத்தையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவார். காசிமேட்டுப் பக்கம் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஆறு வீடு. கூட்டினால் 2,610 வந்தது. நைனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு பில்டரைப் பார்த்தார்.

"எக்ஸஸ் லேண்டட். இருநூத்திப்பத்து அடி. எங்க வச்சிருக்க?"

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் பெரியவரே."

"கடலுக்குள்ள இருக்குதா? நம்மூரு கடல் எடத்த எடுத்துக்கும்பா. குடுத்ததா நான் கேள்விப்பட்டதில்ல."

அதில் வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழும்பியதும், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. மெரினா அகன்றது. ராயபுரமும் திருவொற்றியூரும் கரையைப் பறிகொடுத்தன. கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'சீ வியூ' என்று பில்டர் சொன்னால் நைனா உடனே கடலோர ஒழுங்காற்று மண்டல அனுமதி எங்கே என்பார். சீ வியூ இன்னும் பக்கத்தில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

பழைய வீடு என்றால் அடுத்த கேள்வி தங்கச்சி. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து விற்கிறார்கள் என்று பத்திரம் சொல்லும். வாரிசுச் சான்றிதழில் நாலாவதாக ஒரு பெயர், பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை. "அதுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்பார் அண்ணன். இந்துக் குடும்பத்தில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. ராயபுரத்தில் பாதித் தெரு கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு வேறு வாரிசுச் சட்டம். நைனாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். எந்த மதமானாலும் தங்கச்சி கையெழுத்து வேண்டும். தங்கச்சி இல்லை என்று சொன்னால், இல்லாத தங்கச்சிக்கும் ஒரு சான்று கேட்பார்.

மலிவாகக் கிடைக்கிறது என்று வருகிற இன்னொரு ரகம் இருக்கிறது. குடிசை மாற்று வாரிய வீடு. 1970-ல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். தெருவில் அது இன்னும் ஹவுசிங்போர்டுதான். கையில் ஒதுக்கீட்டு ஆணையும் ஒரு பவர் பத்திரமும் மட்டும் இருக்கும். கிரயப் பத்திரம் இருக்காது. பவரை வைத்து நடக்கும் விற்பனை சொத்தைக் கைமாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நைனா இந்த இடத்தில் வகுப்பெடுப்பதில்லை. எழுந்து உள்ளே போய்விடுவார். வகுப்பில் அவர் மௌனமாகிற ஒரே சந்தர்ப்பம் இது என்பதால் சிலர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

காகிதம் தேறிவிட்டால் மஞ்சப்பை கிளம்பும். '850 சதுர அடி' வீட்டுக்குள் டேப்பை நீட்டி, வெளிச்சுவர் போக, பால்கனி போக, மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் தூக்கிக் கொடுத்தது போக, உள்ளே காலை நீட்டிப் படுக்க எவ்வளவு என்று அளப்பார். 610 என்று வரும். "மிச்ச எடத்துல லிஃப்டு குடியிருக்கு" என்பார். சுவரில் புதுப் பெயிண்ட் முழங்கால் உயரம்வரை மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது, எண்ணெய்க் கோடு சுவரில் நின்றது. பெயிண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டை மூன்று வேளை போய்ப் பார் என்பது அவருடைய பெரிய உபதேசம். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கூட்டிப்போவார். அந்த நேரத்தில் எண்ணூர் விரைவுச்சாலைகூட ஏதோ ஊட்டிப் பாதைபோல் கிடக்கும். நைனா சொல்வது மிச்ச இரண்டு வேளை: வாரநாள் சாயங்காலம் போ, கண்டெய்னர் லாரி வரிசை உன் வாசல்வரை நிற்கிறதா பார். ராத்திரி பதினோரு மணிக்குப் போ, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது மூக்கைத் திறந்து வை. ராயபுரத்தில் வெள்ளைச் சட்டை காயப்போட முடியாதபடி பறந்த நிலக்கரித் தூசி, 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் கரி நின்றதும் அடங்கியது. காற்றுக்கு அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. மிக்ஜாம் வந்த அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்தோடு எழுந்து ஓடினார்கள். எந்த வில்லங்கச் சான்றிலும் இது வராது என்பதை ஒப்புக்கொள்ளும்போது நைனாவின் முகத்தில், தன் மதத்தில் ஒரு ஓட்டையைக் கண்ட பூசாரியின் சங்கடம் தெரியும்.

'மெட்ரோ அஞ்சே நிமிஷம்' என்பதையும் அவர் விடுவதில்லை. 2021-ல் விம்கோ நகர்வரை மெட்ரோ வந்தபின் கத்திவாக்கத்தில் உள்ள வீடும் மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷம் ஆகிவிட்டது. "நடந்தா, பறந்தா?" என்று கேட்டுவிட்டு, புரோக்கரை முன்னே நடக்கவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் போவார். நடுவில் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை வரும். புரோக்கர் மூச்சிரைக்க நின்று, ரயில் போகும்வரை நைனாவைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்.

பணக் கணக்கு ஒன்றுதான் அவர் வேகமாக முடிப்பது. நாற்பது லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம். மாதம் ஏறக்குறைய 34,700 ரூபாய்; கட்டி முடிக்கும்போது 83 லட்சம். மறுவிற்பனை வீடு என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஒன்பது சதவீதம். ஐம்பது லட்சத்துக்கு உட்பட்ட புது ஃபிளாட்டின் முதல் விற்பனை என்றால், 2023 டிசம்பரிலிருந்து ஆறு. நாற்பது லட்சத்து வீட்டுக்கு அந்த மூன்று சதவீத வித்தியாசம் 1,20,000 ரூபாய். இதை எழுதிக் காட்டியதும் பையனுக்கு முதல்முறையாக வேர்க்கும். "பேங்க் லாயர் பாத்து ஓகே சொல்லிட்டாரு நைனா" என்று தேறுதலுக்குப் பற்றிக்கொள்வான். "அவரு பேங்க் பணத்துக்குப் பாத்தாரு. உன் பணத்துக்கு யார் பாத்தா?" இந்தக் கேள்விக்கு நானும் யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் படுகிறது. வக்கீல் கவனிப்பது கொடுத்த கடன் திரும்புமா என்பதை. பருப்பு வேகுமா என்பது அவர் வேலையில்லை.

பருப்பு நைனா மனைவியின் துறை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பார். இத்தனை பாடமும் முடிந்தபின் ஒன்றைக் கேட்பார்: "போர் தண்ணியில துவரம்பருப்பு வேவுதாமா?" நைனா திகைத்துப்போவார். காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கினார்கள் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரியும் அவருக்கு. அந்தத் தெருக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப்பு எவ்வளவு ஆழம், நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருக்கிறதா, இதெல்லாம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நகல் கிடைக்காது. "அந்த வீட்டு மாடியில குடியிருக்கிற பொம்பளைங்கள கேளு கண்ணு. பில்டர கேக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போவார். வந்தவன் வீட்டுக்குப் போனபின் நினைவில் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான் என்பது நைனாவுக்கு ஆறாத புண்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒருமுறை வந்தபோது, அங்கே அரசு அடுக்குமாடி வாங்குகிறவன் விண்ணப்பிக்கும் முன்பே தகுதிக் கடிதம் ஒன்று வாங்கவேண்டும் என்றான். 2023-லிருந்து நடைமுறை. எந்த வீட்டுக்குத் தகுதி, எவ்வளவு மானியம், வீட்டுவசதி வாரியம் எவ்வளவு கடன் தரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் சில கடன் திட்டங்களுக்கு, முதல்முறை வாங்குகிறவர்கள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிவர வேண்டும். நைனா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகனிடம், "அந்த கிளாஸ் எடுக்கிறவனுக்கு சம்பளம் உண்டா?" என்றார். உண்டு என்றதும், "அப்ப அவன் சொல்றத கேப்பாங்க" என்றார்.

கேட்காமலும் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் வேண்டாமென்ற வீட்டை வாங்கியவர்கள்கூடக் கிரகப்பிரவேசத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைக்கிறார்கள். அவரும் போகிறார். சாம்பாரில் கை வைக்கும் முன் குழாயைத் திறந்து பார்க்கிறார்.

ஆனால் அவருடைய மதிப்பை உண்மையில் புரிந்துகொண்டவர்கள் புரோக்கர்கள்தான். முன்பெல்லாம் நைனா நாற்காலி போட்டிருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவர்கள், இப்போது தாங்களே பத்திர நகலை எடுத்துக்கொண்டு வந்து பணிவாக உட்கார்கிறார்கள். "கொஞ்சம் பாத்துக் குடுங்க நைனா." அவருக்கும் பெருமை தாங்கவில்லை. நகலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஹார்பர் பழக்கத்தில் முதல் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கும் கீழே 'வாங்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் தேரடிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. 'நைனா பார்த்த பத்திரம் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.' விசாரித்தால், கடைசி வரி விழாதபடி தாளை மடித்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். சிவப்பு 'பார்த்தேன்' நடுநாயகமாக நிற்கிறது. அதைக் காட்டி மூன்று வீடு கைமாறிவிட்டது.

நைனா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார் அம்மா. மூன்றாம் நாள் முறையை மாற்றினார். இப்போது 'வேண்டாம்' மேலே, 'பார்த்தேன்' கீழே. போன வாரம் ஒரு புரோக்கர் அப்படி எழுதிய தாளை வாங்கி, சற்று நேரம் பார்த்துவிட்டு, தாளை மேலிருந்து மடித்தார்.